கேமராவ தொழிலாக்க நேரம் வந்தாச்சா? நாலு வழிகள், ஒரு ஒப்பீடு

ஆசைக்கு படம் எடுத்துட்டு இருக்கறவங்க "நான் ப்ரொஃபஷனலா போகலாமா, ரெடியா இருக்கேனா" ன்னு கேக்கும்போது கூடவே தன்னோட பெஸ்ட் இருபது படத்த அனுப்புவாங்க. படமெல்லாம் உண்மையிலேயே நல்லா இருக்கும். ஆனா அத வெச்சு என்னால பதில் சொல்ல முடியறதில்ல, ஏன்னா அந்த இருபதும் எத்தனை வருஷத்துல எடுத்தது, எத்தனை ஆயிரத்துல இருந்து பொறுக்குனது, வெளிச்சம் தானா அமைஞ்சதா இல்ல இவங்க அமைச்சதா, ஒண்ணும் தெரியாது. அதனால நான் திருப்பி கேக்கறது வேற. கடைசியா நீங்க வேற ஒருத்தருக்காக எடுத்த ஷூட்ல, அவங்க கைல குடுத்த படங்கள்ல, ரொம்ப சுமாரா இருக்கற பத்த அனுப்புங்க. காசு குடுக்கறவங்க அந்த பத்தயும் சேத்து தான் வாங்கறாங்க.

இந்த இடத்துல இருந்து பாத்தா முன்னாடி நாலு வழி இருக்கு. வேலைய விட்டுட்டு முழுநேரமா இறங்கறது ஒண்ணு. வேலைல இருந்துகிட்டே லீவு நாள்ல ஆர்டர் எடுக்கறது ரெண்டு. ஏற்கனவே தொழில்ல இருக்கற ஒருத்தர்கிட்ட அசிஸ்டென்டாவோ செகண்ட் ஷூட்டராவோ (அவர் கூடவே ரெண்டாவது கேமராவுல எடுக்கறவர்) போறது மூணு. நாலாவது, காசு பக்கமே போகாம ஆசைக்கு எடுக்கறவராவே இருந்துடறது, இதையும் ஒரு முழு வழியா தான் நான் எடுத்துக்கறேன், தோத்தவங்க போற இடமா இல்ல. என் கருத்த முதல்லயே சொல்லிடறேன்: பெரும்பாலானவங்களுக்கு மூணாவதுல ஆரம்பிச்சு ரெண்டாவதுக்கு வந்து, கணக்கு ஒத்து வந்தா மட்டும் முதலாவதுக்கு போறது தான் சரியா வரும். நேரா முதலாவதுக்கு குதிக்கறவங்க சிலர் ஜெயிக்கறாங்க, ஆனா அவங்க கதைய முழுசா கேட்டா பின்னாடி வேற ஒரு தாங்கு இருந்துருக்கும்.

முதல்ல ரெடின்னா என்னன்னு ஒரு உதாரணத்தோட பாத்துடலாம், ஏன்னா நாலு வழியையும் எட போட அது தான் அளவுகோல். ஒரு ஹால், நீளமான ஜன்னல் ஒரு பக்கம் முழுக்க, வெளிய மதிய வெயில். இருபது பேர் குடும்பமா நிக்கறாங்க, அவங்களே ஆசையா ஜன்னலுக்கு முன்னாடி போய் நின்னுட்டாங்க, அப்படியே எடுத்தா பின்னாடி வெளிச்சத்துல முகமெல்லாம் இருட்டா விழும், முன் வரிசைல வெள்ளை ட்ரெஸ், பின்னாடி கருப்பு கோட், ஒரு குழந்தை அழுவுது, ஒரு பெரியவரால ரொம்ப நேரம் நிக்க முடியாது, உங்களுக்கு பத்து நிமிஷம் தான் டைம். ஆசைக்கு எடுக்கறப்போ இந்த படத்த விட்டுட்டு போய் ஓரத்துல தனியா நிக்கற பாட்டியோட முகத்த ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கலாம், அது அருமையாவும் வரும். தொழிலா எடுக்கறப்போ இந்த குரூப் படத்த விட முடியாது. என்ன பண்ணணும்? மொத்த பேரையும் தொண்ணூறு டிகிரி திருப்பி ஜன்னல் பக்கவாட்டுல வர மாதிரி நிறுத்தணும், அதுவும் முகம் கோணாத அளவுக்கு நயமா சொல்லி. திருப்ப இடம் இல்லன்னா ஃப்ளாஷ கூரைல அடிச்சு இறக்கணும், ஆனா கூரை வெள்ளையா இருந்தா தான் அது எடுபடும், கருப்பு மரக்கூரைன்னா வெளிச்சத்த குடிச்சிடும், பழுப்பு நிறமா இருந்தா தோல் எல்லாம் பழுத்து போய் தெரியும். மூணு வரிசை இருக்கறப்போ லென்ஸ் துவாரத்த எஃப் 2.8 ன்னு அகலமா தொறந்து எடுத்தா பின் வரிசை மங்கிடும், 5.6 இல்ல 8 ன்னு சுருக்கணும், அப்போ உள்ள வெளிச்சம் பத்தாம ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஏறும், ஃப்ளாஷ் போட்டா ஷட்டர் வேகம் 1/200, 1/250 செகண்டுக்கு மேல பல கேமராக்கள்ல சாதாரணமா போகாது. பெரியவர முதல்லயே உக்கார வெச்சிடணும். யாராவது கண் மூடியிருப்பாங்கன்னு வரிசையா ஏழெட்டு ஃப்ரேம் எடுக்கணும். இத்தனையும் யோசிக்கறது வெளிய தெரியாம சிரிச்சுகிட்டே நடக்கணும். இந்த மாதிரி இடத்துல உங்களுக்கு "சுமார்" ஆனாலும் நிச்சயமா குடுக்கக்கூடிய ஒரு படம் வருதுன்னா அது தான் ரெடி, அந்த பாட்டி படம் எவ்ளோ அழகா வந்துச்சுங்கறது அதுக்கு அப்புறம் தான்.

திறமைல உச்சத்த விட அடிமட்டம் எவ்ளோ உயரத்துல இருக்குங்கறது தான் கேள்வி. மழை நாள், தூக்கம் இல்லாத நாள், எதிர்ல இருக்கறவங்க கேமராவ பாத்தாலே விறைச்சு போற நாள், இந்த நாள்ல எல்லாம் என்ன வருதோ அது தான் நீங்க விக்கப்போற பொருள்.

இப்போ முதல் வழி, வேலைய விட்டுட்டு இறங்கறது. இதுக்கு நல்ல பக்கம் நெஜமாவே இருக்கு. வார நாள்ல நடக்கற வேலை எல்லாம் உங்களுக்கு கிடைக்கும், கம்பெனி ஷூட், பொருள் ஷூட், கட்டட ஷூட் இதெல்லாம் பெரும்பாலும் ஆபீஸ் நேரத்துல தான் நடக்கும், வேலைல இருக்கறவங்களால அத தொடவே முடியாது. யாராவது காலைல கூப்ட்டு நாளைக்கு வர முடியுமான்னு கேட்டா வரேன்னு சொல்லலாம். நாள் பூரா கேமராவோடயே இருக்கறப்போ கை பழகற வேகமே வேற.

ஆனா கணக்கு போட்டு பாக்காம யாரும் இதுல இறங்க வேணாம், அந்த கணக்க இங்கயே போட்டு காட்டறேன், எந்த நாட்டு காசுலயும் பொருந்தற மாதிரி வெறும் எண்ணா வெச்சுக்கலாம். வீட்டுக்கு மாசம் 100 வேணும்னு வெச்சுக்கோங்க. தொழில் நடத்த 40, அதுல கேமரா லென்ஸ் தேய்மானம், ரிப்பேர், இன்சூரன்ஸ், எடிட்டிங் சாஃப்ட்வேர், ஹார்டு டிஸ்க், போக்குவரத்து, வரிக்கு எடுத்து வைக்கறது எல்லாம் அடக்கம். ஆக மாசம் 140 வரணும். ஒரு ஆர்டருக்கு 20 வாங்கறீங்கன்னா மாசம் ஏழு ஆர்டர். ஏழு தானேன்னு தோணும். ஒரு ஆர்டர்ங்கறது ஒரு நாள் இல்ல. முன்னாடி பேசறது, இடம் பாக்கறது, எடுக்கறது, ரெண்டாயிரம் ஃப்ரேம்ல இருந்து பொறுக்கறது, எடிட் பண்றது, ஆல்பம் டிசைன், அப்புறம் "இந்த ஒரு படத்துல மட்டும் கொஞ்சம் மாத்தி குடுங்க" ன்னு வர திருத்தம், எல்லாம் சேத்தா நாலு நாள் ஓடிடும். ஏழு நாலு இருபத்தெட்டு. மாசம் முடிஞ்சிடுச்சு, அடுத்த மாசத்துக்கு ஆர்டர் தேட ஒரு நாள் கூட மிச்சம் இல்ல. அதே ஆள், அதே கேமரா, ஆர்டருக்கு 35 வாங்கினா நாலு ஆர்டர் போதும், பதினாறு நாள், மீதி நாள்ல ஆள் பாக்கலாம், பழைய கஸ்டமர்கிட்ட பேசலாம், கணக்கு எழுதலாம், கொஞ்சம் தூங்கலாம். அப்போ உண்மையான கேள்வி என்னன்னா, 35 குடுக்க மாசம் நாலு பேர், வருஷம் பூரா, உங்கள தேடி வராங்களா. வராங்கன்னா விடலாம். 20 க்கு தான் வராங்கன்னா எவ்ளோ திறமை இருந்தாலும் இன்னும் நேரம் வரல.

தேய்மானம்னு சொன்னத பலர் கணக்குலயே எடுக்கறதில்ல. பல நடுத்தர கேமராக்களோட ஷட்டர் ஒரு லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம் க்ளிக் வரைக்கும் தாங்கும்னு தயாரிக்கறவங்களே சொல்றாங்க. ஆர்டருக்கு ரெண்டாயிரம் ஃப்ரேம்னா ஐம்பது ஆர்டர்ல ஒரு லட்சம். ஆசைக்கு எடுக்கறப்போ பத்து வருஷம் வர கேமரா பாடி (லென்ஸ் தவிர்த்த பாகம்) தொழில்ல ரெண்டே வருஷத்துல எல்லைக்கு வந்துடும். அந்த பாடியோட விலைய ரெண்டு வருஷத்து ஆர்டர் மேல பிரிச்சு ஏத்துனா தான் ரேட் சொல்ல முடியும். எலக்ட்ரானிக் ஷட்டர்ல இந்த தேய்மானம் இல்ல தான், ஆனா ஓடற ஆளுங்க முகம் வளைஞ்சு தெரியறது, சில லைட்டுல கோடு விழறதுன்னு அதுக்கு வேற தலைவலி இருக்கு.

வேலைய விட்டவங்க கதைன்னா பிரேசில்ல பிறந்த ஃபோட்டோகிராஃபர் செபஸ்தியாவோ சல்காடோ கதைய தான் அடிக்கடி சொல்வாங்க. பொருளாதாரம் படிச்சவர், லண்டன்ல சர்வதேச காபி அமைப்புல நல்ல வேலைல இருந்தவர், 1973 ல அத விட்டுட்டு முழுநேர ஃபோட்டோகிராஃபரா மாறினார், 1979 ல மேக்னம்ங்கற பேர் போன ஃபோட்டோ ஏஜென்சில சேந்தார். கேக்கவே சிலிர்க்கும். ஆனா இந்த கதைல அவர் மனைவி லெலியாவ விட்டுட்டு சொல்லக்கூடாது, அவர் முதல்ல கைல எடுத்ததே லெலியா வாங்கின கேமராவ தான், பின்னாடி அவரோட புத்தகங்கள் கண்காட்சிகள் பலதயும் வடிவமைச்சது அவங்க தான், 1994 ல மேக்னம விட்டு வந்தப்போ சொந்தமா ஏஜென்சி ஆரம்பிச்சதும் ரெண்டு பேரும் சேந்து தான். தனி ஆளு குதிச்ச கதை இல்ல அது. உங்க வீட்ல யார் அந்த மாதிரி கூட நிக்கறாங்க, எவ்ளோ மாசம் நிக்க முடியும்னு உக்காந்து பேசாம ராஜினாமா எழுதாதீங்க. குறைஞ்சது ஆறு மாச வீட்டு செலவு தனியா இருக்கணும், ஒரு வருஷம்னா நிம்மதி, ஏன்னா இந்த தொழில்ல சீசன் உண்டு, மூணு மாசம் தலை நிமிர முடியாது, அடுத்த ரெண்டு மாசம் ஃபோனே அடிக்காது.

ரெண்டாவது வழி, வேலையோட சேத்து பண்றது. வெளில இருந்து பாத்தா இது தான் புத்திசாலித்தனம், சம்பளம் வருது, பிடிக்காத ஆர்டர வேணாம்னு சொல்லலாம், ஒரு மாசம் ஒண்ணும் வரலன்னா குடி முழுகிப்போகாது. நானும் பெரும்பாலானவங்களுக்கு இத தான் சொல்வேன். ஆனா இதுல ஒரு பொறி இருக்கு, அத பத்தி யாரும் போதுமான அளவுக்கு பேசறதில்ல.

சம்பளம் வருதேன்னு ரேட்ட கம்மியா சொல்ல ஆரம்பிப்பாங்க. "இப்போதைக்கு பேர் வந்தா போதும், அப்புறம் ஏத்திக்கலாம்" னு நெனப்பாங்க. கம்மி ரேட்டுக்கு வரவங்க கம்மி ரேட்டுக்கு வர இன்னும் நாலு பேர தான் அனுப்புவாங்க, மூணு வருஷத்துல ஊர் பூரா உங்க பேர் தெரியும், "அவர் நல்லா எடுப்பார், ரேட்டும் கம்மி" ன்னு தெரியும், அந்த ரெண்டாவது பாதி உங்க பேரோட ஒட்டிக்கும். அப்போ போய் ரேட்ட டபுள் பண்ணா பழைய ஆளுங்க போய்டுவாங்க, புது ஆளுங்களுக்கு உங்கள தெரியாது, கிட்டத்தட்ட மறுபடியும் முதல்ல இருந்து. அதுமட்டும் இல்ல, இந்த தொழில மட்டுமே நம்பி குடும்பம் நடத்தற ஒருத்தரோட ரேட்டும் உங்களால அடி வாங்குது, நாளைக்கு நீங்க போய் நிக்கப்போறதும் அவர் நிக்கற அதே இடத்துல தான். அதனால சம்பளம் இல்லன்னா என்ன ரேட் சொல்வீங்களோ அத முதல் ஆர்டர்ல இருந்தே சொல்லுங்க. வர ஆள் குறையும், குறையட்டும். அந்த ரேட்டுக்கு எத்தனை பேர் வராங்கங்கறது தான் மேல போட்ட கணக்குக்கு உங்களுக்கு வேண்டிய எண், கம்மி ரேட்டுக்கு வர கூட்டத்த வெச்சு எதையும் கணிக்க முடியாது. நண்பர்களுக்கு எடுக்கணும்னு ஆசையா இருந்தா இலவசமாவே எடுத்து குடுத்துடுங்க, பாதி ரேட் மட்டும் வேணாம்.

இன்னொரு விஷயம் ஒடம்பு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் வேலை, சனி ஞாயிறு ஷூட், ராத்திரில எடிட்டிங். சோர்ந்து போய் எடிட் பண்றப்போ கண் ஏமாத்தும், தோல் நிறம் மஞ்சளா போனது தெரியாது, மறுநாள் காலைல பாத்தா தான் தெரியும். மாசத்துக்கு இத்தனை ஆர்டர் தான்னு ஒரு எல்லை வெச்சுக்கணும், டெலிவரி தேதிய நெஜமா முடியற நாள விட ஒரு வாரம் தள்ளி சொல்லணும். உங்க வேலை ஒப்பந்தத்துல வெளி வருமானம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு முதல்லயே படிச்சிடுங்க, சில இடத்துல எழுதி அனுமதி வாங்கணும், சில இடத்துல கூடவே கூடாது.

மூணாவது வழிய தான் ஜனங்க ரொம்ப கீழா பாக்கறாங்க. "நான் என்ன லைட் பிடிக்கறதுக்கா இத்தனை வருஷம் கத்துக்கிட்டேன்" னு ஒரு எண்ணம். ஆனா ரெடியா இல்லையான்னு கண்டுபிடிக்க இத விட மலிவான வழி கிடையாது, ஏன்னா மோசமான நாள் எல்லாத்தயும் இன்னொருத்தர் பொறுப்புல பக்கத்துல நின்னு பாக்கறீங்க. கார்டு கரப்ட் ஆனா அவர் முகத்துல என்ன தெரியுது, என்ன தெரியாம பாத்துக்கறார். நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் லேட்டா ஆரம்பிச்சு வெளிச்சம் போய்டுச்சுன்னா எத முதல்ல எடுக்கறார், எத விட்டுடறார். கோவமா இருக்கற குடும்பத்துல யார்கிட்ட பேசினா காரியம் நடக்கும்னு எப்படி கண்டுபிடிக்கறார். காசு எப்போ கேக்கறார், எந்த குரல்ல கேக்கறார். இதெல்லாம் வீடியோ பாத்து வராது. அசிஸ்டென்டா இருந்து வந்தவங்க இந்த துறைல எக்கச்சக்கம், ஃபேஷன் படங்கள்ல பேர் எடுத்த ஹிரோ கூட 1950கள்ல அமெரிக்காவோட பெரிய ஃபேஷன் ஃபோட்டோகிராஃபர் ரிச்சர்ட் அவெடன்கிட்ட அசிஸ்டென்டா இருந்தவர் தான்.

குறை இல்லாம இல்ல. காசு கம்மி. அவர் ஸ்டைல்ல தான் எடுக்கணும், நீங்க இருட்டா விரும்பினாலும் அவர் வெளுப்பா கேட்டா வெளுப்பா தான். முக்கியமா, நீங்க எடுத்த படத்த உங்க போர்ட்ஃபோலியோல போடலாமா கூடாதா, போட்டா யார் பேர் போடணும்னு முதல் நாளே பேசிடணும், எழுத்துல இருந்தா இன்னும் நல்லது, இத பேசாம விட்டு நல்ல உறவு முறிஞ்சத நெறைய பாத்துருக்கேன். அவரோட கஸ்டமர்கிட்ட உங்க கார்ட நீட்டவே கூடாது. அப்புறம் இதுல சுகமா தங்கிடற ஆபத்தும் உண்டு, பொறுப்பு இல்லாம படம் மட்டும் எடுக்கறது இதமா தான் இருக்கும். ஒரு ஷூட்ல அவர் இல்லாம போனாலும் நீங்க முழுசா முடிச்சு குடுத்துருப்பீங்கன்னு உங்களுக்கும் அவருக்கும் தோண ஆரம்பிச்சா கிளம்பற நேரம்.

இந்த மூணு வழிக்கும் நடுவுல ஒரு விஷயம், என்ன மாதிரி படம் எடுக்கறீங்கங்கறத பொறுத்து இந்த ஒப்பீடே மாறும். கல்யாணம், குழந்தை, போர்ட்ரெய்ட் எடுக்கறவங்களுக்கு சனி ஞாயிறு வழி அழகா பொருந்தும். பொருள், கட்டடம் எடுக்கறவங்களுக்கு அது கிட்டத்தட்ட மூடின கதவு, அவங்க அசிஸ்டென்ட் வழிலயே கொஞ்சம் அதிக நாள் இருந்துட்டு நேரா முழுநேரம் போறது நல்லது. செய்தி படம் எடுக்கணும்னு ஆசைப்படறவங்க சம்பள வேலைய நம்பி கணக்கு போடாதீங்க. 2013 மே மாசம் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை தன்னோட முழுநேர ஃபோட்டோகிராஃபர்ஸ் எல்லாரையும் ஒரே நாள்ல அனுப்பிடுச்சு, அதுல புலிட்சர் பரிசு வாங்கின ஜான் ஒயிட்டும் ஒருத்தர். அதுக்கப்புறம் அந்த துறைல ஃப்ரீலான்ஸ் தான் பெரும்பாலும். காடு, மலை, பறவை எடுக்கறவங்களுக்கு நேரா படத்த வித்து வாழறது ரொம்ப கஷ்டம், அந்த துறைல காசு பாக்கறவங்க நெறைய பேர் வகுப்பு எடுத்தும் ஆளுங்கள கூட்டிட்டு போய் எடுக்க வெச்சும் தான் பாக்கறாங்க. அப்போ உங்களுக்கு படம் எடுக்கறது பிடிக்குமா, சொல்லிக்குடுக்கறது பிடிக்குமான்னு கேட்டுக்கணும், ரெண்டும் வேற வேற வேலை.

நாலாவது வழி. இதுக்கு நான் வக்காலத்து வாங்கியே ஆகணும், ஏன்னா "திறமை இருந்தும் வீணடிக்கறான்" னு சொல்றவங்க ஜாஸ்தி. பிரான்ஸ்ல ஜாக் ஆன்ரி லார்டீக் சின்ன பையனா இருந்தப்போ இருந்து எடுத்தார், கார் ரேஸ், விமானம், தாவி குதிக்கற சொந்தக்காரங்க, தன்ன ஒரு ஓவியரா தான் நெனச்சுகிட்டார், 1963 ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்கள வெச்சப்போ அவருக்கு 69 வயசு. அமெரிக்காவுல விவியன் மையருக்கு பல வருஷம் குழந்தை பாத்துக்கற வேலை, யாருக்கும் காட்டாம எடுத்தது ஒரு லட்சத்துக்கும் மேல நெகடிவ், 2007 ல சாமான் ஏலத்துல வெளிய வந்துச்சு, அவங்க இறந்தது 2009. இவங்க மாதிரி பேர் வரும்னு சொல்ல வரல. இந்த படங்கள யாரும் ஆர்டர் குடுத்து வாங்கியிருக்க மாட்டாங்கங்கறத பாருங்க. தொழில்ல இறங்கிட்டா கேமரா முதல்ல அடுத்தவங்களுக்கு, மிச்ச நேரம் இருந்தா தான் உங்களுக்கு. மலை, காடு படங்களுக்கு பேர் போன ஆன்சல் ஆடம்ஸ் பியானோ கலைஞரா ஆகணும்னு இருந்து 1930 வாக்குல ஃபோட்டோகிராஃபி தான்னு முடிவு பண்ணவர், அவ்ளோ பெரிய ஆள் கூட பல வருஷம் விளம்பர வேலை, கம்பெனி வேலைன்னு எடுத்து தான் வீட்ட ஓட்டினார். அதனால, வாரத்துல உங்களுக்கு பிடிச்சத பிடிச்ச நேரத்துல எடுக்கற அந்த ரெண்டு மணி நேரம் தான் உங்களுக்கு உயிர்னா, அத குடுத்து காசு வாங்கறது நல்ல பேரமான்னு யோசிங்க. வருஷத்துக்கு நாலு பிரின்ட் விக்கறது, ஒரு கண்காட்சில வைக்கறது, ஒரு சின்ன புத்தகம் போடறது இதெல்லாம் வேலைல இருந்துகிட்டே முடியும். ஸ்டாக் தளங்கள்ல (யார் வேணும்னாலும் படத்த காசு குடுத்து இறக்கிக்கற வெப்சைட்) போடறத மட்டும் வருமானம்னு நம்பாதீங்க, ஒரு டவுன்லோடுக்கு கிடைக்கறது ரொம்ப சொற்பம்.

இப்போ எந்த வழில இருந்து எதுக்கு எப்போ மாறலாம்னு அடையாளம் சொல்லணும். எனக்கு பெரிய அடையாளம் ரெண்டு. உங்கள முன்ன பின்ன தெரியாத ஒருத்தர், முழு ரேட் குடுத்து, முடிஞ்சப்புறம் இன்னொரு தெரியாத ஆள அனுப்பி வைக்கறது ஒண்ணு. நாள் இல்லன்னு நீங்க திருப்பி அனுப்பற ஆர்டரோட எண்ணிக்கை எடுத்துக்கற ஆர்டர தொட ஆரம்பிக்கறது இன்னொண்ணு. லைக்கும் பரிசும் சந்தோஷமானது தான், அதெல்லாம் ஒரு படத்துக்கு கிடைக்கறது, ஒரு ஆர்டருக்கு இல்ல.

கேமராவ பொறுத்தவரைக்கும் புதுசு வேணும்னு எதுவும் இல்ல. 8 இன்ச்சுக்கு 10 இன்ச் பிரின்ட் 300 டிபிஐ ல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) போட ஏழு மெகாபிக்சல் சொச்சம் போதும், இன்னைக்கு இருக்கற எந்த 24 மெகாபிக்சல் பாடியும் தாராளம். ஆனா ஒரே ஒரு பாடி, ஒரே ஒரு ஃப்ளாஷ் வெச்சுகிட்டு திரும்ப நடக்காத நிகழ்ச்சிக்கு காசு வாங்காதீங்க, ரெண்டாவத வாடகைக்காவது எடுத்துட்டு போங்க. ரெண்டு கார்டு போடற பாடியா இருந்தா ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுத வைங்க. வீட்டுக்கு வந்ததும் மூணு காப்பி, ரெண்டு வேற வேற சேமிப்புல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய, இது முடியற வரைக்கும் கார்ட அழிக்கவே கூடாது. அடுத்தது ஒரு பக்க ஒப்பந்தம்: எத்தனை மணி நேரம், எத்தனை படம், எப்போ டெலிவரி, அட்வான்ஸ் எவ்ளோ, நின்னு போனா என்ன, நீங்க வர முடியாம போனா யார் வருவாங்க, படத்த எங்க எங்க பயன்படுத்தலாம். ஆர்டர் குடுத்து எடுத்த படத்துக்கு காப்பிரைட் யாருக்குன்னு சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால உங்க நாட்டு சட்டத்த பாத்துட்டு அந்த ஒரு வரிய தெளிவா எழுதிடுங்க. இந்த பேப்பர நீட்ட கூச்சமா இருக்குன்னா அந்த கூச்சம் போற வரைக்கும் அசிஸ்டென்டாவே இருக்கறது நல்லது.

ராஜினாமாக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணலாம், முடியறவங்க கண்டிப்பா பண்ணுங்க. வேலைல நீண்ட லீவு கிடைச்சா, ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, முழுநேர ஃபோட்டோகிராஃபராவே வாழ்ந்து பாருங்க. அந்த லீவ சீசன்ல எடுக்காதீங்க, சீசன்ல எல்லாருக்கும் தான் ஓடும், ஆர்டர் வறண்டு கிடக்கற மாசத்துல எடுங்க. சம்பள பணத்த தொடாம தொழில்ல வரத மட்டும் வெச்சு வீட்ட ஓட்டி பாருங்க. ஒரு நோட்டுல தினம் எழுதுங்க, எடுக்கறதுக்கு எத்தனை மணி நேரம், எடிட்டுக்கு எவ்ளோ, ஆள் தேடவும் பேசவும் எவ்ளோ, உங்களுக்காக மட்டும் கேமராவ தூக்கினது எவ்ளோ. லீவு முடியறப்போ அந்த நோட்டயும் வந்த காசயும் வீட்ல இருக்கறவங்களோட சேந்து உக்காந்து பாத்துட்டு, அப்புறம் ராஜினாமாவ அனுப்பறதா வேணாமான்னு பேசிக்கலாம்.